நாற்பத்தொரு பெயர், ஒரு முகவரி

2008 நவம்பர் 12, புதன்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். தூறல், நான்கு பாகை. ஜெர்மனியில், பீலெஃபெல்டுக்கு அருகே நாங்கள் வாழும் சிறு நகரத்தின் நகரசபை வாசலில் மனைவியோடு நின்று, பஸ்ஸால் இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அதிகாலை 4.50 பஸ்ஸுக்காக. அதை நிறுத்தப்போவதாக நகரசபை அறிவித்திருந்தது. என் மனைவி அதில்தான் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போவாள். வேலை 5.30க்குத் தொடங்கும், அடுத்த பஸ் 5.40க்கு. பஸ் நின்றால் வேலையும் போய்விடும்.

அந்த வருடம்தான் நகரசபை இணையத்தில் மனுக்களுக்கென்று ஒரு பக்கம் திறந்திருந்தது. கதிரையில் இருந்தபடியே சபையோடு பேசலாம் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. மனுவை எழுதிப் பதிந்தேன். இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களின் அன்ட்ராக், அதாவது விண்ணப்பப் படிவம், எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுப்பவன் நான். தொடர்புக்கு என் விலாசத்தையே போடுவது வழக்கம். இதற்கும் ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் சம்மதம் கேட்டேன். "உங்கட ஈமெயிலையே போடுங்கோ அண்ணை, எனக்கு உதெல்லாம் ஏலாது" என்றார்கள். நாற்பத்தொரு பெயர் சேர்ந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு பக்கத்தைத் திறந்தால், ஆதரவு: ஒன்று. ஒரே மின்னஞ்சலில் வந்தவை என்று மற்ற நாற்பதையும் நீக்கியிருந்தார்கள். சபை உறுப்பினர் ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகையில், சோபாவில் இருந்து பொத்தான் தட்டுவது மக்கள் குரலாகாது, உண்மையில் பஸ் ஏறுகிறவர்கள் நேரில் வரட்டும் என்று சொல்லியிருந்தார். மனைவி பத்திரிகையை மடித்து என் முன்னால் வைத்தாள்.

"நாற்பத்தொரு பேர் எண்டு சொன்னீங்கள். கடைசியிலை நீங்கள் ஒராள்தானே."

நேரில் வந்தால் அந்த மனிதர் உண்மையிலேயே எண்ணுவாரா? அதை அறியும் ஆவல் என்னை விடவில்லை. சபையில் மாலை ஐந்தரைக்கு நடக்கும் மக்கள் கேள்வி நேரத்துக்கு எல்லோரையும் மறுபடி அழைத்தேன். பாதிப்பேருக்கு வேலை. மற்றவர்களில் ஒருவர், "டிக்கெட்டுக்கு ஆர் காசு தாறது அண்ணை?" என்றார். நான் தருகிறேன் என்றேன்.

பத்தொன்பது பேர் இறங்கினார்கள். உள்ளே ஒவ்வொருவராக எழுந்து பெயரையும், எந்தத் தரிப்பில் ஏறுகிறோம் என்பதையும் ஜெர்மனில் சொன்னார்கள். மூன்றாவது ஆளில் அந்த உறுப்பினர் பேனாவை எடுத்தார். பதினொன்றாவது ஆளிடம், அந்த நேரத்தில் அப்படி என்ன வேலை என்று கேட்டார். நாங்கள் கூட்டித் துடைத்த பிறகுதான் டொக்டர்கள் வருவார்கள் என்றாள் அந்தப் பெண். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பஸ்ஸை இன்னொரு வருடம் ஓடவிட்டார்கள். இணையப் பக்கத்தில் கடைசிவரை ஒன்று என்றே இருந்தது. என்னிடமும் மனைவியிடமும் மாத டிக்கெட் இருந்தது. மற்றப் பத்தொன்பது பேருக்கும் போக 2.10, வர 2.10. எனக்குச் செலவாய் முடிந்தது எழுபத்தொன்பது யூரோ எண்பது சதம்.