கையெழுத்துப் போட்டவர் முதலில் ஏற வேண்டும்

ஜனவரி 6: 10 சுற்று. வாந்தி 4.
ஜனவரி 20: 20 சுற்று. வாந்தி 3.
பிப்ரவரி 3: 30 சுற்று. வாந்தி 3.
பிப்ரவரி 24: 40 சுற்று. வாந்தி 1.
மார்ச் 10: 40 சுற்று. வாந்தி இல்லை.
மொத்தம்: 140 சுற்று. வாந்தி 11.

இது ஒரு விளையாட்டுப் பூங்காவின் மெக்கானிக் தன் கைப்பட எழுதிவைத்த கணக்கு. ஐந்தும் செவ்வாய்க்கிழமைகள். செவ்வாய் பூங்காவுக்கு விடுமுறை. மற்ற செவ்வாய்களில் ராட்டினங்களைக் கழற்றிப் பூட்டும் வேலை இருந்தது. வேலை இல்லாதவை இந்த ஐந்துதான். அந்த நாள்களில், ஊஞ்சல் கப்பல் என்று எல்லோரும் சொல்லும், முன்னும் பின்னும் வீசி ஆடும் பெரிய இரும்புக் கப்பலின் கடைசி வரிசையில் அவர் தன்னந்தனியாக உட்கார்ந்து ஆடினார். அதிகம் ஆடுவது கடைசி வரிசைதான்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. அந்தப் பூங்காவில் இருபத்தொரு வருடம். பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தாலே வயிறு புரளும் உடம்பு அவருக்கு. அப்படிப்பட்டவர் இந்த வேலைக்கு வந்ததே வேடிக்கை. வந்த பிறகுதான் அந்தப் பூங்காவின் வழக்கம் அவருக்குத் தெரிந்தது: காலையில் போல்ட்டுகளைச் சோதித்துப் புத்தகத்தில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர்தான் அன்றைய முதல் சுற்றில் உட்கார வேண்டும். வேறு யாரும் கூட ஏறக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு காலையும் கையெழுத்து, பிறகு சுற்று, பிறகு பல நாள் வாந்தி. அதைச் சமாளிக்க அவரே சில முறைகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். காலையில் இரண்டு உலர்ந்த பிஸ்கட், நான்கு மிடறு தண்ணீர், அதற்கு மேல் எதுவும் இல்லை. தலையை இருக்கையோடு ஒட்ட வைத்து அசைக்காமல் இருப்பது. வண்டி இறங்கும்போது மூச்சை விடுவது. பூங்காவின் மதிலுக்கு வெளியே நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் கண்ணை நிலைக்க வைப்பது. சட்டைப் பையில் மடித்த பிளாஸ்டிக் கவர் எப்போதும் இருக்கும். அதனால் பூங்காவில் அவருக்குக் கவர்காரர் என்று பெயர்.

ராட்டினங்களை இயக்கும் பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மூத்த பெண்மணியை எல்லோரும் பட்டன் அக்கா என்பார்கள். விடுமுறை நாளிலும் இவருக்காக வந்து பொத்தானை அழுத்தியவர் அவர்தான்.

"ஊரெல்லாம் காசு குடுத்து வாந்தி எடுக்குது தம்பி. சம்பளம் வாங்கிட்டு எடுக்கிறது நீ ஒருத்தன்தான்."

"இன்னிக்கு சம்பளமும் இல்லக்கா. லீவு."

"அதான் கேக்குறேன். யாரு பெத்த புள்ளைக்காக இந்தப் பாடு?"

"என் மாமனார் பெத்த புள்ளைக்காக," என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டு.

அது உண்மை. அவருடைய மனைவி ஒரு சுற்றுலாக் கப்பலில் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். பதினொரு வருடமாக இதே கதை: எட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். கப்பலின் அடித்தளத்தில் போன் எடுக்காது. துறைமுகத்தில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் அவள் கூப்பிட்டால் இவர் ராட்டினத் தண்டவாளத்தின் மேல் இருப்பார். அதனால் இருவரும் கடிதம்தான் எழுதிக்கொண்டார்கள்.

அந்த இரண்டு மாதமும் அவருக்குச் சுகப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். படுத்தால் எழுந்துகொள்வாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால் "ஒண்ணுமில்ல, சும்மா" என்பாள். அவளுக்கு வீடு அலுத்துவிட்டது, தானும் அலுத்துவிட்டோம் என்று அவர் எண்ணிக்கொண்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளத் துணிவு வரவில்லை.

போன டிசம்பரில் அவளிடமிருந்து வந்த கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் சின்ன ரோலர் கோஸ்டர் ஒன்று போட்டிருக்கிறார்கள். இருவர் உட்காரும் ஆறு வண்டி, இருநூற்று நாற்பது மீட்டர் தண்டவாளம். அதற்குச் சான்றிதழ் உள்ள மெக்கானிக் வேண்டும். பத்து நாள் சோதனைப் பயணம். தேறினால் வேலை, கணவன் மனைவிக்கு ஒரே அறை. 'நீங்க வர மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்' என்று முடித்திருந்தாள்.

அவர் விண்ணப்பம் போட்டார். ஊஞ்சல் கப்பலில் உட்கார்ந்தார். 140 சுற்று.

மார்ச் 19, வியாழக்கிழமை மாலை கப்பல் கிளம்பியது. அவளுடைய அறை கப்பலின் முன்மூக்குப் பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே. இரண்டு அடுக்குப் படுக்கை, ஒரு பெட்டி வைக்கும் இடம், ஜன்னல் கிடையாது. அலையில் அதிகம் ஏறி இறங்குவது முன்மூக்குதான். முதல் ஒரு மணி நேரம் அவர் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தியா? ஒண்ணும் ஆகல."

"இன்னும் துறைமுகத்தையே தாண்டலங்க," என்றாள் மனைவி.

தாண்டிய பிறகுதான் அவருக்குத் தன் தவறு புரிந்தது. ஊஞ்சல் கப்பல் நான்கு விநாடிக்கு ஒருமுறை ஆடும். அதன் கணக்கு அவர் உடம்புக்குப் பாடமாகிவிட்டது. கடலோ மெதுவாகத் தூக்கியது, நிறுத்தி யோசித்தது, பிறகு பக்கவாட்டில் இறக்கியது. எப்போது இறக்கும் என்று ஒரு நிச்சயம் இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் கண் சொன்னது ஒன்று, ஆட்டத்தை உணரும் உட்காது சொன்னது வேறு. மூன்று மாதப் பயிற்சி இருபது நிமிடத்தில் வாளிக்குள் போனது.

மறுநாள் காலை ரோலர் கோஸ்டரின் ஏணியில் மூன்று படி ஏறினார். நான்காவது படியில் கண் இருட்டியது. கப்பலின் தலைமைப் பொறியாளர் கீழே நின்று ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார்.

"இதைப் போட்டுக்கங்க. அரை மணி நேரத்துல சரியாயிடும்."

"தூக்கம் வருமா சார்?"

"கொஞ்சம் வரும். அதனால என்ன? இங்க எல்லாருமே முதல் வாரம் இதுலதான் ஓட்டுறாங்க."

"அப்போ கையெழுத்துப் போட முடியாது சார்."

பொறியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மேல எழுபது பேர் வரிசையில நிக்கிறாங்க. சான்றிதழ் உங்ககிட்டதான் இருக்கு. பார்த்துட்டு ஒரு கிறுக்கு கிறுக்குங்க."

"போல்ட்டைப் பாக்கணும்னா ஏறணும். மாத்திரை போட்டா ஏறலாம், ஆனா பார்த்தது மனசுல நிக்காது. எனக்கு ஒரு தடவை ஆயிருக்கு."

ஆகியிருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன், ஒரு மாத்திரை போட்ட காலையில் எல்லா இருக்கைகளின் பூட்டும் சரி என்று குறி போட்டார். ஏறி உட்கார்ந்தார். உச்சியில் வண்டி கவிழும் நேரத்தில்தான் தன் மடியின் மேலிருந்த கம்பி கையோடு வருவதைக் கண்டார். இரண்டு கையாலும் முன் இருக்கையைக் கட்டிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தார். வழக்கம் இருந்ததால் அன்று அந்த வண்டியில் அவர் மட்டும் இருந்தார். அதற்குப் பின் மாத்திரையைத் தொட்டதில்லை.

20, 21, 22 ஆகிய மூன்று நாளும் ரோலர் கோஸ்டர் ஓடவில்லை. அவர் மேல்தளத்தில் ஒரு கயிற்றுக் குவியலின் மேல் உட்கார்ந்து, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் வயிறு அடங்கியது; கீழே போனால் புரண்டது. வேலை முடிந்து மனைவி மேலே வந்து பிஸ்கட்டும் இஞ்சித் துண்டும் கொடுத்தாள்.

"எத்தனை?" என்றாள்.

"இன்னிக்கு ஆறு."

"நேத்து ஒன்பது. தேறிட்டீங்க போங்க."

பயணிகள் அவரைத் தாண்டிப் போனார்கள். தொப்பி வைத்த ஒருவர் "வண்டியை ரிப்பேர் பண்ற ஆளே ரிப்பேரா?" என்று தன் மனைவியிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது.

23ஆம் தேதி காலை எழுந்தபோது வாயில் கசப்பு இல்லை. அறை ஆடியது, வயிறு ஆடவில்லை. ஏணியில் ஏறி ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்க்க மூன்று மணி நேரம் ஆனது. நண்பகல் 12.10க்குக் கையெழுத்துப் போட்டு முதல் வண்டியில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கடல். ஒரு துளி வாந்தி இல்லை. அதன் பிறகு 28ஆம் தேதி இறங்கும்வரை ஒரு காலையும் தவறவில்லை. பத்து நாளில் மூடியிருந்தது மூன்றரை நாள்.

இறங்கும்போது மனைவி கேட்டாள்: "எடுத்துக்குவாங்களா?"

"உடம்பு ஒத்துக்கிச்சு. மத்தது அவங்க பாடு."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தார். தரை மெதுவாகத் தூக்கியது.

சுவரைப் பிடித்தார். நின்றது போலிருந்தது; மறுபடி தூக்கியது. படுத்தால் கட்டில் சாய்ந்தது. எழுந்து நடந்தால் கொஞ்சம் தேவலை. அறைக்கும் சமையலறைக்கும் நடந்தார். திரும்பி நடந்தார். நான்காவதோ ஐந்தாவதோ முறை சமையலறை வாசலில் கையை ஊன்றி நின்றபோது, அந்த இடத்தில் அதே உயரத்தில் அவள் கை பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு மங்கியிருப்பதைப் பார்த்தார்.

மார்ச் 30 அன்று எழுதினார்: 'மூன்று நாளாகத் தரை ஆடுகிறது. உனக்கும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் இருந்ததா?'

அவருக்கு ஏப்ரல் 1 அன்று நின்றது. ஏப்ரல் 8 அன்று கப்பல் நிறுவனத்தின் கடிதம் வந்தது. வேலை உண்டு. ஆனால் விடுப்பு முடிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் நான்கு நாள் வண்டியை மூடிவைக்க முடியாது. முதல் நான்கு நாளும் மாத்திரை சாப்பிட்டுப் பணி செய்யச் சம்மதம் என்று இணைப்புப் படிவத்தில் கையெழுத்திட்டு ஏப்ரல் 30க்குள் அனுப்ப வேண்டும்.

படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்தார். எடுத்தார். வைத்தார். ஒரு வருடத்தில் நான்கு நாள். மீதி நாளெல்லாம் ஒரே அறை. பேனாவின் மூடியைத் திறந்து பெயர் எழுதும் இடத்தில் பெயர் எழுதினார். கையெழுத்துக்கான இடத்தில் பேனா நின்றது.

பூங்காவில் அந்த நாள்களில் அவர் காலில் வெந்நீர் கொட்டியவர் மாதிரி திரிந்தார். ஒரே போல்ட்டை இரண்டு முறை சோதித்தார்.

"போட்டுட்டுப் போயேன் தம்பி," என்றார் பட்டன் அக்கா. "பதினோரு வருஷம். நாலு நாள்ல என்ன குடி முழுகிடும்?"

"முழுகினா எழுபது பேரோட முழுகும்க்கா."

"அப்போ போடாத."

"போடலன்னா அவ அங்க, நான் இங்க."

"ரெண்டுக்கும் பதில் வச்சிருக்கே. அப்புறம் எதுக்கு என் உயிரை வாங்குறே?" என்று சொல்லிவிட்டு அக்கா பொத்தானை அழுத்தினார்.

ஏப்ரல் 15 அன்று மனைவியின் பதில் வந்தது. படிவத்தைப் பற்றி அவளுக்கு அப்போது தெரியாது. 'ஆமாங்க. ஒவ்வொரு தடவையும் மூணு வாரம். உங்ககிட்ட சொன்னா, கேட்டதுக்கே நீங்க வாந்தி எடுப்பீங்க. அதான் சொல்லல. நடந்தா கொஞ்சம் தேவலை, அதான் நடப்பேன். நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க. சரி, எங்க சுத்தினாலும் திரும்ப எட்டு மாசம் அங்கதானேன்னு நானும் விட்டுட்டேன்.'

அதை அவர் மூன்று முறை படித்தார். அன்றே பதில் எழுதினார்: படிவத்தில் இருந்ததை வரிக்கு வரி, பதினெட்டு வருடத்துக்கு முன் மடியின் மேலிருந்த கம்பி கையோடு வந்ததை, அவளிடம் இதுவரை சொல்லாததை. 'நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்கவில்லை. கேட்காமலே அந்தக் கேள்விதான் நான்கு பக்கமும் இருந்தது.

பதிலுக்குக் காத்திருந்த பன்னிரண்டு நாளில் படிவம் இழுப்பறையிலிருந்து பதினைந்து முறை வெளியே வந்தது. 25ஆம் தேதி அதை உறைக்குள் போட்டு முகவரிகூட எழுதினார். கையெழுத்து மட்டும் இல்லை. 30க்குள் போய்ச் சேர வேண்டுமானால் 27 மாலைத் தபாலைத் தவறவிடக் கூடாது. அன்று வேலையை முடித்து அவசரமாக வீடு திரும்பினார். கதவின் கீழே கடிதம் கிடந்தது. நின்றபடியே பிரித்தார். ஒரே பக்கம்.

'மாத்திரை போட்டுட்டு நீங்க கையெழுத்துப் போட்டா, அந்த வண்டியில நானே ஏற மாட்டேன். ஊராரை எப்படி ஏத்துவீங்க? படிவத்தைக் கிழிச்சுப் போடுங்க. நான் வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த மாசம் 9ஆம் தேதி கப்பல் வரும். பெட்டி மூணு இருக்கு, துறைமுகத்துக்கு வந்துடுங்க. இங்க ஓட்டல் சலவைக்கு ஆள் தேடுவாங்க, அதை வந்து பார்த்துக்கலாம். இந்தத் தடவை எத்தனை வாரம் தரை ஆடும்னு தெரியல. பதினோரு வருஷத்தோடது மொத்தமா ஆடினாலும் ஆடும். நான் பாட்டுக்கு நடந்துட்டிருப்பேன். ஏன்னு கேக்காதீங்க. முடிஞ்சா கூட நடங்க.'

அவர் படிவத்தை நான்காகக் கிழித்தார். உட்கார முடியவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கும் சமையலறைக்கும் நடந்தார். தரை ஆடாமல்தான் இருந்தது, இருந்தும் நடந்தார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி: ஏப்ரல் 27, திங்கட்கிழமை.