நைனா சொன்ன ஊர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் மூளை ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் ஆறே பேர். ஒருவர் டாக்டர், மூவர் இன்ஜினியர்கள், ஒருவர் கணக்கு. விலங்கியல் படித்தவள் நான் ஒருத்திதான். அவர்கள் சமன்பாடு போட்டால் நான் விழிப்பேன். நான் தவளை நரம்பை உரித்தெடுத்தால் அவர்கள் விழிப்பார்கள்.

உத்திரமேரூரில் நைனா காஞ்சிபுரம் பஸ்ஸில் கண்டக்டர். "எம் பொண்ணு மூளைக்குப் படிக்கிது" என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்வாராம்.

இரண்டாம் வருடம் தந்தி வந்தது. போய்ப் பார்த்தால் நைனாவுக்கு வலது கை விழுந்து, பேச்சு போயிருந்தது. என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார். "தா... தா..." என்பதற்குமேல் வரவில்லை.

"ரெண்டு நாளா இப்டித்தான் பண்ணிக்கினு கீறாரு," என்றாள் அம்மா. "நீ படிக்கிறது இதத்தானேடீ? சரி பண்ணேன்."

மூளையில் பேச்சுக்கான இடத்தைப் பரீட்சையில் படம் வரைந்து நல்ல மார்க் வாங்கியவள் நான். நைனாவின் விழுந்த கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பிப் போனதும் டாக்டர் நண்பரிடம் கேட்டேன். "வாய்க்குப் பழகின வரிசை சில பேருக்குத் தானா வரும். எண்ணச் சொல்லிப் பாருங்க," என்றார்.

அடுத்த லீவில் ஒன்று, இரண்டு என்று தொடங்கிவைத்தேன். நைனாவிடமிருந்து அதே "தா... தா..." தான். பிறகு அவர் பஸ் நிற்கும் ஊர்களின் வரிசை ஞாபகம் வந்து, "நைனா, வண்டி கெளம்பிடுச்சி. மாகறல்..." என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "களக்காட்டூர், ஓரிக்கை, காஞ்சீவரம்!" பிசிறில்லாத பழைய குரல்.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள். "இன்னொரு தபா சொல்லச் சொல்லுடீ!"

எனக்கு அவசரம். "நைனா, நான் யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

என் முகத்தையே பார்த்தார். உதடுகள் குவிந்தன. "மாகறல்," என்றார். தப்பு என்று அவருக்கே தெரிந்துவிட்டது. இடது கையால் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் மூன்று வருடம் இருந்தார். ஒவ்வொரு லீவிலும் அந்த ஊர்களைச் சேர்ந்து சொல்வோம். 'பாப்பா' என்று என்னை அவர் கூப்பிடுவது மட்டும் திரும்பவேயில்லை.

நான் பட்டம் வாங்குவதற்குள் நைனா போய்விட்டார். தவளை நரம்பின் படபடவென்ற மின்துடிப்பை லேபில் எத்தனையோ டேப்புகளில் பிடித்து வைத்திருந்தேன். நைனா நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர் குரலைப் பிடித்துவைக்க எனக்குத் தோன்றவேயில்லை.