ரேக்குக்குப் பூசிய விபூதி

ஆயுத பூஜையன்று மாரண்டஹள்ளியில் எங்கள் இன்டர்நெட் ஆபீஸை நான்தான் துடைத்தேன். ஃபைபர் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இரும்பு ரேக்கைத் துடைத்து, மூன்று விரலால் விபூதிப் பட்டை போட்டேன். அதே கையோடு வயர்களைத் திரும்பச் செருகினேன். முதலாளிகூட மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரு பெண் போன் செய்தாள். மலையடிவாரக் கிராமம். குன்று மறைப்பதால் ஊருக்குள் செல்போன் எடுக்காது, எங்கள் லைன் ஒன்றுதான். மேட்டு ரோட்டுக்கு ஏறி வந்து பேசினாள். விடியற்காலையில் அவள் அம்மா போய்விட்டார். அண்ணன் துபாயில், லீவு கிடைக்கவில்லை. போட்டோ அனுப்பினாளாம், அவருக்கு அது போதவில்லை. அம்மா முகத்தை வீடியோவில் பார்த்து நாலு வார்த்தை பேசி அழ வேண்டும். லைனோ வருவதும் போவதுமாக இருக்கிறது.

“மூணு மணிக்கு எடுத்துருவாங்கங்க. அதுக்குள்ள எப்படியாச்சும் பண்ணிக் குடுங்க.”

போனேன். பந்தலுக்குக் கீழே பெஞ்சில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு செம்பில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் அந்த மனிதர் அழுத வாயோடு அப்படியே உறைந்து நின்றார். மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஃபைபருக்குள் வர வேண்டிய வெளிச்சம் உயிர் போகிற அளவில்தான் வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே கதி.

அணில் கடித்திருக்கும் என்று கம்பம் கம்பமாக ஏறினேன். இரண்டு ஜாயின்டை வெட்டி மறுபடி ஒட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பறைச் சத்தம் கேட்கக் கேட்க அடுத்த கம்பத்துக்கு ஓடினேன். ஆபீஸ் பக்கம் புத்தி போகவே இல்லை. நேற்றுத்தானே துடைத்தோம் என்ற திமிர். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பார்க்க வேறெதுவும் மிச்சமில்லாதபோதுதான் ஆபீஸுக்கு வண்டியை விரட்டினேன். மணி இரண்டரை தாண்டிவிட்டது. அந்த ஊர் வயரைப் பிடுங்கி, பழக்க தோஷத்தில் வாயால் ஊதி, சட்டையில் துடைத்துச் செருகினேன். மீட்டர் அசையவில்லை. அப்புறம்தான் ஸ்கோப்பை எடுத்து கனெக்டர் முனையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிச்சம் போகிற நடுப்புள்ளியின் மேல், தோசைக்கல்லில் காய்ந்த மாவு போல வெள்ளையாக அப்பியிருந்தது. என் விபூதி. சட்டையில் துடைத்து அதை இன்னும் பரப்பி வைத்திருந்தேன்.

முனையைச் சுத்தம் செய்கிற பேனா மாதிரிக் கருவியை வைத்து அழுத்தினேன். பார்த்தேன். போகவில்லை. மறுபடி. வயர் செருகும் துளைக்குள்ளும் இருந்தது. அதையும் எடுத்தேன். மூன்றாம் தடவை முனை பளிச்சென்று ஆனது. செருகியதும் மீட்டர் ஏறியது. மணி மூன்றரை. உடனே அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

“எடுத்துட்டாங்கங்க,” என்றாள். “கால் மணி நேரம் பொறுத்துப் பாத்தாங்க. இப்ப வூட்டைக் கழுவி வுட்டுட்டு இருக்கறோம். இன்னொரு போன்ல அண்ணன் லைன்லயேதான் இருக்காரு. லைன் வந்ததும் வெறும் பெஞ்சைக் காட்டச் சொல்லிப் பாத்துட்டே இருக்காரு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

“காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாம எங்களுக்காக அலைஞ்சீங்க. அண்ணன் உங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லணுங்கறாரு. பேசறீங்களா?”

அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்வரை தெளிவாகக் கேட்டது. சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.