கோயில் இல்லாத குன்று

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் ஊரைப் பார்க்கச் சகிக்காது. சாலையெங்கும் மிதிபட்ட பாக்குமட்டைத் தட்டுகள், பாட்டில்கள், ஒற்றைச் செருப்புகள். இரவெல்லாம் மலையைச் சுற்றிப் புண்ணியம் சேர்த்தவர்கள் விடிந்ததும் பஸ்ஸில் இடம் பிடிக்க ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள்.

அப்படியொரு பௌர்ணமிக்கு அக்காவும் அவள் கணவரும் சென்னையிலிருந்து வந்து, வேங்கிக்காலில் என் வீட்டில் தங்கினார்கள். காலையில் அக்கா கால் வீங்கிப் படுத்திருந்தாள். மாமாவோ கிரிவலம் போன வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்ததும், "எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார்.

கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு சின்னக் குன்று இருக்கிறது. ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் ஏறுவதில்லை. ஞாயிறுதோறும் நான் போவேன். அதைச் சொன்னதும் அவரும் தொற்றிக்கொண்டார்.

பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது அவருக்கு.

"மேல கோயில் ஏதாவது இருக்கா?"

"இல்ல மாமா."

"ஒரு சித்தர் சமாதி?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்கு ஏறணும்?"

நான் அடுத்த பாறையில் கால் வைத்து ஏறினேன்.

உச்சியில் காற்று அள்ளியது. மழை முடிந்த சமயம். கண்ணுக்கு எட்டிய வரை ஏரி நிறைந்து கிடந்தது. மிகுநீர் வெளியேறும் கலங்கலில் வழிந்த தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து நெல்வயல்களுக்குள் மினுங்கியது. மாமா ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, தூரத்தில் தெரிந்த பெரிய மலையோடு தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு காலால் பாறையைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கல்லும்மா. ஒடச்சா ஜல்லி ஜாஸ்தி தேறும். சும்மா கெடக்குது பாரு."

இரவெல்லாம் ஒரு மலையைக் கும்பிட்டுவிட்டு வந்த மனிதர் இவர். அந்தக் கணத்தில் அவரைவிட அங்கே மேய்ந்த ஆடுகள் மேல் எனக்கு அதிக மரியாதை இருந்தது.

இறங்கும்போது சரளைக்கல் சறுக்கியது. கை நீட்டினேன். "எனக்கு தெரியும்மா, நீ போ" என்றவர் இரண்டடி வைத்து உட்கார்ந்துவிட்டார். அதன்பின் எழவே இல்லை; அடிவாரம் வரை உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு வந்தார். புது டிராக் பேன்ட் பின்னால் கிழிந்து தொங்கியது.

வீட்டில் வேறு கதை. "செங்குத்தான மலை. இவ பயந்துட்டா, நான்தான் புடிச்சி எறக்கினேன்."

அக்கா அவர் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

மறுநாள் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே என்னை எழுப்பினாள். "கால் வலி கம்மியாயிடுச்சி. வா, போலாம்." மெதுவாகத்தான் ஏறினோம். உச்சியில் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"இந்த மனுஷனோட எத்தனையோ மலைக்கு போயிட்டு வந்துட்டேன்டி," என்றாள். "செருப்ப பாத்துக்கன்னு என்ன எப்பவும் கீழயே நிக்க வெச்சிடுவாரு."