ஒற்றைத் தட்டு

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது, அவ்வளவுதான். நடந்தபோது எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. வெளியே நல்ல வெயில். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கணினித் திரையின் மூலையில் மணி 12:40. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம்.

ஐந்து மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. காரணம் பயம் இல்லை. வெட்கம். குறிப்பாக என் மச்சானிடம் சொல்ல வாய் வரவில்லை.

வீடியோக்களை இணையதளத்தில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது என் தொழில். கல்யாண வீடியோ, கம்பெனி விளம்பரம், எது வந்தாலும் செய்வேன். என் மனைவி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பவள். ஊரே டீச்சர் என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஒரு டியூஷன் சென்டரின் இணையதளத்துக்காக, வீட்டு உள்ளறையில் வெள்ளைப் பலகை முன் நின்று பாடம் எடுப்பாள். கேமரா தானாக ஓடும். வெளியே கூடத்தில் உட்கார்ந்து நான் அதை வெட்டி, மாற்றி, தளத்தில் ஏற்றுவேன்.

அவளுக்கு இருமல் இருந்தது. பாடத்தின் நடுவில் வரும். அதற்காக ஒரு வழி வைத்திருந்தோம். இருமல் வருகிறது என்று தெரிந்தால் ஒரு முறை கை தட்டுவாள். இருமி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு முறை தட்டுவாள். ஒற்றைத் தட்டு என்றால் இங்கிருந்து வெட்டு. இரட்டைத் தட்டு என்றால் இங்கிருந்து சேர்.

"கிளாஸ்ல கை தட்டினா முப்பது பேரு அடங்குவாங்க. வீட்ல கை தட்டினா ஒருத்தர் கத்தரிக்கோலோட வர்றார்" என்பாள்.

கணினியில் ஒலி ஒரு கோடாகத் தெரியும். கை தட்டிய இடத்தில் கோடு முள்ளாக எழும்பி நிற்கும். ஒரு முள், கொஞ்சம் தள்ளி இரண்டு முள். நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவேன். காதால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. என் காதில் மாட்டிய ஹெட்போனில் அப்போது யாருடைய கல்யாணப் பாட்டாவது ஓடிக்கொண்டிருக்கும். கூடவே நானும் விசிலடிப்பேனாம். எனக்குத் தெரியாது. அவள்தான் சொல்வாள்.

"காதுல அதை மாட்டினா உங்களுக்கு விசில் தானா வருது. ரயில்ல கார்டு வேலைக்குப் போயிருக்கலாம்." சொல்லிவிட்டு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நாற்பது பாடங்கள் எடுத்தாள். நாற்பதிலும் ஓர் இருமல்கூட மிஞ்சவில்லை. கணினியில் இடம் போதாமல் மூலப் பதிவுகளை அழித்தேன். வெட்டிய பாடங்கள் மட்டும் இருந்தன.

நாற்பதாவது பாடத்துக்கு மறுநாள் மதியம் அவள் போய்விட்டாள். கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளே போனாள். இரண்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். கை சில்லென்று இருந்தது.

டாக்டர் கேட்டார். "நுரையீரல் ரொம்ப நாளாவே கெட்டிருக்கு. இருமல் இருந்திருக்குமே?"

"அப்பப்போ" என்றேன்.

மச்சான், அவளுடைய அண்ணன், மூன்று மணிநேரம் பயணம் செய்து வந்து சேர்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாரா வாரம் வீடியோ பாப்பேனே மாப்ள. நல்லாத்தானே இருந்தா. ஒரு இருமல்கூட இல்லையே. உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாளா?"

"ஒரு வார்த்தை சொல்லல மச்சான். தூக்கத்துலயே போயிட்டா."

அவர் என்னைக் கட்டிக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு.

மூன்று மாதம் கழித்து டியூஷன் சென்டர் சார் போன் செய்தார். பழைய வடிவத்தில் இருந்த வீடியோக்கள் புதுப் போன்களில் ஓடவில்லையாம். நாற்பது பாடங்களையும் எம்பி4 ஆக மாற்றித் தரணும் என்றார்.

சுலபமான வேலை. ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் ஊற்றுவது போல. வடிவம் மாறும், அளவு மாறாது. பதினான்கு நிமிட வீடியோ பதினான்கு நிமிடமாகத்தான் வெளியே வரும்.

நாற்பதையும் வரிசையில் போட்டேன். 12:40க்கு 'மாற்று' என்ற பொத்தானை அழுத்தினேன்.

ஏழாவது பாடம் முடிந்தபோதுதான் கவனித்தேன். உள்ளே போனது 14:32. வெளியே வந்தது 14:43.

பதினோரு விநாடி அதிகம்.

மென்பொருளின் கோளாறு என்று நினைத்தேன். எட்டாவது பாடத்தில் ஒன்பது விநாடி அதிகம். பதினொன்றாவதில் இருபத்தாறு. வேறொரு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே இருபத்தாறு.

1:05க்கு ஏழாவது பாடத்தைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பலகையில் பின்னம் எழுதிக்கொண்டிருந்தாள். "கீழ இருக்கிறது எத்தனை பங்குன்னு சொல்லும். மேல இருக்கிறது..."

ஒரு கைத்தட்டல்.

இருமல். குனிந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். தண்ணீர் குடித்தாள். இரண்டு கைத்தட்டல். "மேல இருக்கிறது நாம எடுத்த பங்கு."

நான் அழித்த துண்டு அது. மூலப் பதிவே இல்லாத துண்டு. உள்ளே போட்ட கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் இருமல் இல்லை. வெளியே வந்ததில் மட்டும் இருந்தது.

பதினொன்றைத் திறந்தேன். ஒற்றைத் தட்டு. இருமல். பிறகு அவள் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏங்க... வெட்டுறப்போ கேப்பீங்கல்ல, அதான் இங்க சொல்றேன். நேர்ல சொன்னா இதோ அஞ்சு நிமிஷம்னு சொல்றீங்க. சாயந்திரம் டாக்டர்கிட்ட போலாமா?"

இரட்டைத் தட்டு. "சரி பிள்ளைங்களா, ரெண்டாவது கணக்கு."

அடுத்தடுத்துத் திறந்தேன்.

பத்தொன்பது. ஒற்றைத் தட்டு. "அன்னைக்கு சொன்னேனே. கேட்டீங்களா, இல்லையா? கேட்டுட்டுதான் பேசாம இருக்கீங்களா?" இரட்டைத் தட்டு.

முப்பத்து மூன்று. "சரி விடுங்க. நீங்களா ஒரு நாள் கேப்பீங்கன்னு பாக்கறேன்."

அதற்குப் பிறகு வந்த துண்டுகளில் அவள் கேமராவைப் பார்க்கவே இல்லை. இருமினாள். தட்டினாள். பாடம் எடுத்தாள்.

நான் கேட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். கேட்டும் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். அந்த நினைப்போடுதான்...

அப்போது திரையில், மாற்றும் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை மறுபடி நகர ஆரம்பித்தது.

மணி 1:31.

நாற்பது முடிந்திருந்தது. வரிசையில் வேறு எதுவும் இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. எண் 41. பெயர் இல்லை. எந்தக் கோப்பிலிருந்து என்கிற இடம் காலி.

'நிறுத்து' என்ற பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை.

1:34க்கு முடிந்தது. நீளம் 19:12.

திறந்தேன்.

படம் கறுப்பு. ஒலி மட்டும்.

ஒரு கைத்தட்டல்.

காத்திருந்தேன்.

ஒரு கைத்தட்டல்.

இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு இழுக்கும் சத்தம். கஞ்சி கொதிப்பது போல... குமிழ் குமிழாக.

ஒற்றை. ஒற்றை. ஒற்றை.

பின்னால், தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கத்தில், வேறொரு சத்தம். யாரோ பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் விசில்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

டப்.

அது ஹெட்போனிலிருந்து வரவில்லை.

டப்.

உள்ளறை.

கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தவில்லை.

எழுந்து போனேன். ஒன்பது அடி. கைப்பிடியைத் தொட்டேன்.

டப்... இந்த முறை மெதுவாக. கையில் பலமே இல்லாதவர் தட்டுவது போல.

திறந்தேன்.

கட்டில். வெள்ளைப் பலகை. ஜன்னல் வழியாக வெயில்.

யாரும் இல்லை.

திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். மணி 1:53. நாற்பது கோப்புகள்தான் இருந்தன. ஏழாவது பாடம் 14:32. பதினொன்று சரியான நீளம். எல்லாமே சரியான நீளம். திறந்து பார்த்தேன். ஓர் இருமல் இல்லை. நாற்பத்தொன்று இல்லவே இல்லை.

கோப்புகளை சாருக்கு அனுப்பினேன். "ரொம்ப சுத்தமா இருக்கு" என்று பதில் வந்தது.

அன்று சாயந்திரம் மச்சானைக் கூப்பிட்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். "சாப்டீங்களா மாப்ள? உடம்பைப் பாத்துக்கங்க. அவ இல்லன்னு அப்படியே விட்டுடாதீங்க" என்றார். சரி மச்சான் என்று வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாடிப்படியில் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா எதிரே வந்தார். எங்கள் உள்ளறைக்கும் அவர் தையல் மெஷினுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்கக்கா."

"டீச்சர் போனாங்களே, அன்னைக்கும் பாடம் எடுத்தாங்களா?"

"இல்லக்கா. படுத்திருந்தா."

"அப்படியா..." கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "கை தட்டிக்கிட்டே இருந்தாங்களே. நான் அப்போதான் மெஷின்ல உக்காந்தேன். பன்னெண்டே முக்காலுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும். ஒரு திரைச்சீலைக்கு நாலு பக்கமும் ஓரம் அடிச்சு முடிக்கிற வரைக்கும் தட்டினாங்க. இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கும்."

நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பவும் ஒண்ணு தட்டுவாங்க, கொஞ்சம் கழிச்சு ரெண்டு தட்டுவாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே பழகிடுச்சு. அன்னைக்கு ஒண்ணு ஒண்ணாவே தட்டினாங்க. பாடம் சரியா வரல போலன்னு நினைச்சேன்."

"வந்து பாத்திருக்கலாமேக்கா" என்று கேட்டேன். அதையும் நான் கேட்டேன். கேட்க வாய் வந்தது.

"வரத்தான் எழுந்தேன் தம்பி. நீங்க நல்லா விசிலடிச்சுக்கிட்டு இருந்தீங்க. புருஷன் பக்கத்துலதானே இருக்கார்னு உக்காந்துட்டேன்."

மச்சான், அவள் தூக்கத்தில் போகவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும் பொய். இதில் நான் எதையும் வெட்டவில்லை.

இன்றும் 12:40க்கு ஒரு தட்டு கேட்கிறது. எதையும் காதில் மாட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். இரட்டைத் தட்டு மட்டும் இதுவரை வரவில்லை.