பத்தாவது குழாய்

காரின் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் எங்கள் ட்ரெயிலரில் தண்ணீர் வெளியே வரும் இடங்கள் பத்து. சமைக்கும் குசினியில் சுடுதண்ணீருக்கும் குளிர்தண்ணீருக்குமாக இரண்டு, முகம் கழுவும் இடத்தில் இரண்டு, குளிக்கும் இடத்தில் இரண்டு. வெளிப்பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவுக்குள் கால் கழுவ இரண்டு. கழிவறைத் தொட்டிக்கு ஒன்று. இந்த ஒன்பதையும் வைத்தவர்கள் ட்ரெயிலரைச் செய்தவர்கள். பத்தாவதை வைத்தது நான்.

அது கழுவும் குழாய். எங்கள் ஆட்களின் வீடுகளில் கழிவறைத் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்குமே, அதுதான். ட்ரெயிலர் வாங்கிய முதல் கோடையில் காட்டுப் பக்கம் போய் ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு வந்த என் மனைவியின் அக்கா, "உது இல்லாட்டில் நான் இனி வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமையே நான் ஒரு மூன்றுவழி இணைப்பும் சின்ன வால்வும் வாங்கி, தொட்டிக்குப் போகும் தண்ணீரிலிருந்து பிரித்து அந்தக் குழாயைப் பொருத்திப் பூட்டிக் கொடுத்தேன். எல்லோருக்கும் சந்தோசம்.

ட்ரெயிலர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. மனைவியின் அக்காவும் அவருடைய கணவரும் ஸ்காபரோவில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அந்த அக்காவின் கணவர்தான் என் சகலன். அவர் படித்தவர். அலுவலகத்தில் வேலை. யாருக்கும் தொலைபேசி எடுத்துக் கதைப்பார். நாங்கள் டோர்செட் பார்க்கில் மாடிக்கட்டடத்தில் இருப்பதால், ட்ரெயிலர் கோடையில் அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். பனிக்காலத்தில் வடக்கே ஒரு பண்ணைக்காரரின் வளவில் கொண்டுபோய் விடுவோம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். இருபத்திரண்டு வருடமாகப் பழச்சாறு போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தோடம்பழச்சாறு ஓடிய குழாயில் அடுத்து அப்பிள் ஓட வேண்டுமென்றால், நடுவில் அந்தக் குழாயைக் கழுவுவது என் வேலை. அங்கே அதிகம் கதைக்கத் தேவையில்லை. அது எனக்குப் பிடித்த விசயம்.

இந்த நாட்டில் ட்ரெயிலர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒக்டோபரில் ஒரு வேலை செய்ய வேண்டும். குழாய்களில் நிற்கும் தண்ணீர் முழுவதையும் வெளியே எடுத்துவிட்டு, உறையாத ஒரு இளஞ்சிவப்புத் திரவத்தை உள்ளே ஓடவிட வேண்டும். நாங்கள் அதைப் 'பிங்க் தண்ணி' என்போம். அதைச் செய்யாவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து பெருத்துக் குழாயை வெடிக்க வைக்கும். முதல் வருடம் எங்களுக்கு இது தெரியாததால், நகரத்துக்கு வெளியே ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனோம். சகலனுக்கு அன்றைக்கு வேலை. அதனால் அவருடைய வண்டியைக் கேட்டு வாங்கி நானும் மனைவியும் போனோம்.

போவதற்கு முன் மனைவி ட்ரெயிலருக்குள் ஏறினாள். வெளியே வந்து, "அந்தப் பைப்பைத் துவாயால சுத்தி, பக்கத்து அலுமாரிக் கதவுக்குப் பின்னால வைச்சிட்டன். பார்த்தாங்களெண்டால் என்ன நினைப்பாங்கள்" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. சின்ன வால்வையும் நானே இறுக்கி மூடினேன்.

கடையில் திருத்துபவர் ஒரு படிவத்தோடு வந்தார். பக்கத்தில் ஒரு இளம்பெண் எழுதிக்கொண்டு நின்றாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், நீங்களாக ஏதாவது பூட்டியிருக்கிறீர்களா, வேறு எங்காவது தண்ணீர் போகிறதா என்று கேட்டார். அந்த ஆங்கிலம் எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் ஓம் என்றால் அடுத்த கேள்வி என்ன வருமென்றும் விளங்கியது. அந்தப் பெண்ணுக்கு முன்னால், என்னிடம் இருந்த ஆங்கிலத்தில், அது எதற்கு என்று நான் எப்படிச் சொல்வேன்? கையால் காட்டவும் முடியாது. "நோ" என்றேன்.

அவர் மிக ஒழுங்காக வேலை செய்தார். ஒன்பது இடத்திலும் பிங்க் தண்ணி ஓடியது.

மே மாதத்தில் சகலன் வீட்டு வாசலில் வைத்துத் தண்ணீரைத் திறந்தபோது கழிவறைச் சுவருக்குள் ஒரு சீறல் கேட்டது. நான் ஓடிப்போய் மூடுவதற்குள் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வந்துவிட்டது. தரைப்பலகை ஊறி அப்பளம் போல வீங்கியது. சின்ன வால்வு மூடிக் கிடந்ததால் பிங்க் தண்ணி போகாத அந்தக் கிளையில் நின்ற தண்ணீர் உறைந்து, மூன்றுவழி இணைப்பு நீளத்துக்கு வெடித்திருந்தது.

சகலன் தொலைபேசியை எடுத்துவிட்டார். "அவங்களைச் சும்மா விடுறேல்லை. முழுசா மாத்தித் தரச் சொல்லிக் கேக்கப்போறன். என்ன வேலை செய்திருக்கிறாங்கள்!"

"அண்ணை, பொறுங்கோ" என்றேன். "அவங்களின்ரை பிழை இல்லை."

"பிறகு ஆற்றை பிழை?"

"அவர் கேட்டவர். நான் சொல்லேல்லை."

"ஏன்?"

"வெக்கமா இருந்தது."

சகலன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். மனைவி பின்னாலிருந்து, "நான்தான் அத்தான் துவாயால சுத்தி ஒளிச்சு வைச்சது" என்றாள்.

"ஒளிச்சு வைச்சனியோ? என்ன, களவெடுத்த சாமானோ அது?"

மனைவியின் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைக்காரனுக்கும் சொல்லிக் குடுத்திருந்தால் அவனும் ஒண்டு வாங்கிப் பூட்டியிருப்பான், பாவம்."

சகலன் சிரிக்கவில்லை. "உந்தப் பைப்பைக் கழட்டு தம்பி" என்றார்.

"கழட்டினால் நான் வரேல்லை" என்றார் அக்கா.

"அப்ப கேளுங்கோ எல்லாரும். இன்னொருக்கா உடைஞ்சால் ட்ரெயிலரை வித்துப்போடுவம். எனக்கு இந்தத் தலையிடி ஏலாது."

விற்றுவிடலாம் என்று சொன்னது அவருக்கு ஒரு கோபப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. என் மனைவி ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் நின்றபடி வேலை செய்கிறாள். கோடையில் அந்த ட்ரெயிலருக்கு முன்னால் நாற்காலி போட்டு, தேநீர் ஆறிப்போகும்வரை அவளும் அக்காவும் கதைத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேறெங்கும் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. நான் வாய் திறக்காததால் அது போகப் போகிறது.

"இந்த முறை நான் செய்யிறன் அண்ணை" என்றேன்.

"உனக்குத் தெரியுமோ?"

"பழகுவன்."

அந்தக் கோடையில் ஊறிப்போன பலகையை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டேன். வெடித்த இணைப்பை மாற்றினேன். வேலையில்லாத நாட்களில் பஸ் எடுத்துப் போய், ரோர்ச் லைற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து ஒவ்வொரு குழாயும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தேன். சிவப்பு சுடுதண்ணீர், நீலம் குளிர்தண்ணீர். ட்ரெயிலரோடு வந்த புத்தகத்தை வாசித்து விளங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. முடிந்திருந்தாலும் அந்தப் புத்தகத்தில் எங்கள் பத்தாவது குழாய் இல்லையே. ஒரு காலை உணவுப் பெட்டியின் மட்டையில் நானே படம் கீறினேன். தண்ணீர் வெளியே வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் போட்டேன். அந்த மட்டையை வேலைத்தலத்தில் இடைவேளையில் எடுத்துப் பார்ப்பேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று விளங்கியது. இது நான் இருபத்திரண்டு வருடமாகச் செய்யும் வேலைதான். தோடம்பழத்துக்குப் பிறகு அப்பிள். தண்ணீருக்குப் பிறகு பிங்க்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை தொடங்கினேன். முதல்நாளே சுடுதண்ணீர்த் தாங்கியை நிறுத்தி ஆறவிட்டிருந்தேன். அதன் அடைப்பைக் கழற்ற, தண்ணீரோடு வெள்ளைச் சுண்ணாம்புத் துகள்களும் வந்தன. குடிதண்ணீர் நிற்கும் பெரிய தாங்கியை வெறுமையாக்கினேன். சுடுதண்ணீர்த் தாங்கிக்குள் பிங்க் தண்ணி வீணாகப் போகாமல், அதைச் சுற்றிப் போகும்படி வால்வுகளைத் திருப்பினேன். பம்ப் உறிஞ்சும் குழாயைப் பிங்க் தண்ணிப் போத்தலுக்குள் விட்டேன். பம்புக்குக் கிட்ட இருக்கும் குழாயை முதலில் திறக்க வேண்டும், தூரத்தில் இருப்பதைக் கடைசியில். தொழிற்சாலையிலும் அப்படித்தான்.

சகலன் கோப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். குசினிக் குழாய் இரண்டு முறை துப்பிவிட்டு நிறம் மாறி ஓடியது.

"சர்பத் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

"குடிச்சுக் கிடிச்சுப் போடாதையுங்கோ அண்ணை."

ஒன்று, இரண்டு என்று மட்டையில் கோடு போட்டுக்கொண்டு ஒன்பது வரை வந்தேன். பத்தாவதில் வால்வைத் திறந்து, குழாயின் கைபிடியை வாளிக்குள் பிடித்து அழுத்தினேன். வந்தது. ஆனால் வெளிறி வந்தது. துணி கழுவின தண்ணீரில் சாயம் இறங்கினது போல ஒரு நிறம்.

"வந்திட்டுது, காணும், மூடு" என்றார் சகலன்.

"காணாது அண்ணை. தண்ணி கலந்து வருது."

"பிங்க்தானே?"

"இது பிங்க் இல்லை."

வேலைத்தலத்தில் இப்படி ஒரு நிறத்தைக் கண்டால் நான் குழாயை விடமாட்டேன். அப்பிள் போத்தலில் தோடம்பழ மணம் வந்தால் ஒரு பாரவண்டி போத்தல் திரும்பி வரும். கழுவும் குழாயை நான் தேவைக்கு மேல் நீளமாக வாங்கியிருந்தேன். அது கீழே வளைந்து தொங்கும் இடத்தில் பழைய தண்ணீர் தேங்கி நின்று கலந்துகொண்டிருந்தது. இன்னும் அழுத்தினேன். பம்ப் காற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. போத்தல்கள் முடிந்துவிட்டன.

சகலன் கையைத் தட்டினார். "சரி, மூடு. எல்லாம் முடிஞ்சுது. சாப்பிடுவம் வா."

அவர் என்னைவிட மூத்தவர். வீடு அவருடையது. அதுவரைக்கும் நான் அவருக்கு ஒரு வேலையும் சொன்னதில்லை.

"நீங்கள் ஒருக்காப் போய் இன்னொரு போத்தல் வாங்கிக்கொண்டு வாங்கோ அண்ணை" என்றேன்.

"இப்பவோ?"

"இப்ப. அது வராமல் நான் இந்தப் பைப்பை மூடமாட்டன்."

அவர் உள்ளே போய்க் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் அந்தக் குழாயைக் கழற்றி, உயர்த்திப் பிடித்து உதறி, வளைவில் நின்ற தண்ணீரை எல்லாம் எடுத்தேன். ஒரு தேநீர்க் கோப்பை அளவு வந்தது. உறைந்தால் அது போதும். புதுப் போத்தல் வந்ததும் மறுபடி பூட்டி அழுத்தினேன். இந்த முறை கடும் நிறம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வடிவா இருக்கு" என்றாள், ஏதோ சேலையைப் பார்த்தது போல.

அந்தப் பனிக்காலம் நீளமாக இருந்தது. கடும் குளிர் அடிக்கும் நாட்களில் சகலன் தொலைபேசி எடுப்பார். "என்ன தம்பி, உன்ரை பைப் உயிரோட இருக்குதோ?" நானும் சிரிப்பேன். ஆனால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது மூக்கு விறைக்கும். உடனே அந்தப் பண்ணை வளவுதான் ஞாபகம் வரும். இணைப்பின் பின்பக்கம், வால்வின் நடுப்பகுதி, கைபிடிக்குள் இருக்கும் சின்ன அறை. எங்கேயாவது ஒரு சொட்டு நின்றிருக்குமோ? ஒன்று முதல் பத்து வரை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். பத்தாவதில் திரும்பவும் அந்த நிறம் கண்ணுக்கு முன் வரும். சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மே மாதம் ட்ரெயிலர் திரும்பி வந்தது. அன்றைக்கு நாலு பேரும் வாசலில் நின்றோம். தாங்கிக்குள் நல்ல தண்ணீர் விட்டு, பம்பைப் போட்டேன். மனைவி குசினியில் நின்று குழாய்களைத் திறந்தாள். முதலில் பிங்க் வந்து, பிறகு தெளிந்தது. நான் கழிவறைக்குள் இருந்து பத்தாவதைத் திறந்து வாளிக்குள் தெளியும்வரை விட்டேன். பிறகு எல்லாவற்றையும் மூடச் சொன்னேன்.

பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. குழாய் முழுவதும் தண்ணீர் இறுகியதும் அது தானாக நிற்க வேண்டும். எங்காவது ஒரு வெடிப்பு இருந்தால் நிற்காது. நின்றாலும் திரும்பத் திரும்ப ஓடும். நான் தரையில் முழங்காலில் இருந்து, புதிய இணைப்பில் விரலை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நின்றது.

சகலன் கதவடியில் வந்து, "என்ன, பழுதாப் போச்சோ?" என்றார்.

"சத்தம் போடாதையுங்கோ" என்றேன்.

பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டினார்கள். ஒரு பஸ் போனது. பம்ப் அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே இருந்தேன். அந்தப் பத்து நிமிடமும் சகலன் ஒரு வார்த்தை பேசாமல் வாசற்படியில் நின்றார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. என் விரல் காய்ந்தே இருந்தது.

"எல்லாம் சரி அண்ணை. ஒரு இடமும் ஒழுகேல்லை."

மனைவியின் அக்கா என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "முந்தினதை விட நல்ல வேகமா வருது!"

சகலன் வாசலில் நின்று தன் அலுவலக நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினார். அந்த நண்பரிடமும் ஒரு ட்ரெயிலர் இருக்கிறது. "இல்லை இல்லை, கடைக்கெல்லாம் குடுக்கேல்லை. நாங்களே செய்தனாங்கள். அது பெரிய வேலை இல்லை, எல்லாப் பைப்பிலையும் பிங்க் தண்ணி வரோணும், அவ்வளவுதான்."

மனைவி குசினி யன்னலால் தலையை வெளியே போட்டாள். "நாங்கள் இல்லை அத்தான். இவர்."

சகலன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓம், என்ரை சகலன்தான் செய்தவர்" என்று தொலைபேசிக்குள் சொன்னார். "நில்லுங்கோ, அவரோடையே கதையுங்கோ."

வழக்கமாக அப்படி யாராவது தொலைபேசியை நீட்டினால் நான் கையை ஆட்டிக்கொண்டு அப்பால் போய்விடுவேன். அன்றைக்குக் காற்சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன்.