கீழ் லயத்துச் சத்தம்

எனக்குக் கத்துகிறவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் கத்த வைப்பதுதான் என் பிழைப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு, பதுளையில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். கோயில் திருவிழா, சடங்கு வீடு, மே தினக் கூட்டம், எது நடந்தாலும் கூம்பு ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போவேன். மரத்தில் ஏறிக் கட்டுவேன், மைக்கைத் தட்டிப் பார்ப்பேன், பிறகு யாராவது ஒருவர் அதன்முன் நின்று தொண்டை கிழியக் கத்துவார். நான் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தக் காலத்து வேலை கண்ணுக்குத் தெரியும். சத்தம் வரவில்லையென்றால் வயரைத் தடவிக்கொண்டே போய், அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முறுக்கிவிடலாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷத்தில் அந்த வசதி போய்விட்டது. சத்தத்தை எண்ணாக்கி, கணினி வயரில் அனுப்பும் பெட்டிகள் வந்தன. முதலாளி என்னைக் கொழும்புக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். தோட்டத்துப் பையன் ஒருவன் மடிக்கணினியைத் திறந்து சத்தத்துக்கு வழி சொல்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. பிறகு நடந்ததில் அந்தத் தலைக்கனத்துக்கும் பங்கிருக்கிறது.

நான் பிறந்த தோட்டம் மடுல்சீமைக்கு மேலே இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அங்கே எனக்கென்று இருந்தவள் அக்கா ஒருத்திதான். கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், புருஷனோடும் நாலு மாதக் கைக்குழந்தையோடும் இருந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்ததற்குப் பிறகு, எங்கள் தோட்டத்து மலையையும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இதுவும் சரியலாம் என்றார்கள். லயங்களை மாற்ற இடமில்லை, காசில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிவாரண அமைப்பு அபாய அறிவிப்புக்கு ஸ்பீக்கர் போட்டுத் தர முன்வந்தது. அந்த வேலை எங்கள் கடைக்கு வந்ததும், வேறு யாரையும் அனுப்பாதீர்கள் என்று முதலாளியிடம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவின் தலைக்கு மேல் இருந்த மலை அது.

மேல் லயம், நடு லயம், கீழ் லயம் என்று மூன்று இடத்திலும் ஒவ்வொரு கம்பம். கம்பத்தில் இரண்டு கூம்பு, ஒரு பெட்டி, கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி. ஆபீஸில் தாய்ப்பெட்டியும் மைக்கும். லயங்கள் தூரம் என்பதால் இடையில் சின்ன அன்டெனாக்கள். ஆபீஸ் விறாந்தையில் உட்கார்ந்து முதல் நாள் பெட்டிகளை எழுப்பியபோது, மேல் லயம் பேசினால் நடு லயம் ஊமையாகிவிடும், நடு லயம் பேசினால் மேல் லயம் ஊமையாகிவிடும். அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது. கம்பெனியிலிருந்து எல்லாப் பெட்டியும் ஒரே இலக்கத்தோடு வந்திருந்தன. காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றால், கங்காணி கூப்பிட்டதும் இருவரும் “ஆமாங்க” என்பார்களே, அந்தக் கதைதான். ஆளுக்கொரு இலக்கம் கொடுத்தேன். கீழ் லயத்துக்கு மூன்று.

அபாயத்துக்கென்று ஆபீஸ் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் மூன்று கம்பத்திலும் சங்கு ஊதும், “எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க” என்று என் குரலே சொல்லும். வேறு யார் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாலும் அதை வெட்டிவிட்டு இது முன்னால் வரும். முதல் முறை ஊதியபோது அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய கிளாக்கர் கடைக்கு ஃபோன் பண்ணினார். ஆபீஸில், தோட்டத்தை நடத்தும் துரைக்கு அடுத்தபடி அவர்தான். காலையில் பெரட்டுக்குக் கூப்பிடவும் இதைப் பாவிக்கலாமே என்று துரை கேட்கிறாராம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போய் அதையும் செய்து கொடுத்தேன். அன்று முதல் விடிந்தும் விடியாததுமாகக் கிளாக்கர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். எந்த மலையில் கொழுந்து என்று சொல்வதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. முந்தின நாள் பிந்தி வந்தவர்களை வீடு சொல்லித் திட்டினார். “கீழ் லயம் ரெண்டாவது வீடு, இன்னிக்கும் லேட்டுன்னா அர நாள் பேருதான்!” என்று, அரை நாள் கூலியை வெட்டப்போவதாகத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். இரண்டாவது வீடு என் அக்காவுடையது.

அடுத்த மாதம் பேட்டரி பார்க்கப் போனபோது கீழ் லயத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவர் தொங்கல் வீட்டு அத்தை. லயத்தின் கடைசி காம்பரா அவருடையது, கம்பம் அவர் வாசலுக்கு நேரே நின்றது. அப்போதுதான் பென்ஷன் வாங்கி வீட்டிலிருந்தார். ஒரே மகள் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அத்தையின் காது லயத்திலேயே பேர் போனது. லொறி மேல் வளைவில் திரும்பும்போதே “வெலிமடை மரக்கறி லொறி வருது” என்பார். நான் படி ஏறுவதற்கு முன்பே உள்ளிருந்து “தம்பியா, வா” என்று குரல் வரும்.

“முப்பத்தஞ்சு வருஷம் பெரட்டுக்கு ஓடுனேன்பா. இப்ப பென்ஷனும் வாங்கியாச்சு. இன்னமும் காலங்காத்தால கிளாக்கரு என் காதுக்குள்ள உக்காந்து கத்துறாரே, இது என்னா நியாயம்?” என்றார் அத்தை.

“புள்ள தூக்கத்துல வெறச்சுப் போயி அழுவுது. கொஞ்சம் கொறச்சு விட்டுட்டுப் போடா” என்றாள் அக்கா.

அம்மாவையும் இப்படித்தான் விரட்டினார்கள். அப்போது தப்பு மேளம் அடித்து விரட்டினார்கள், இப்போது என் கையாலேயே கம்பம் நட்டு விரட்டுகிறார்கள் என்று தோன்றியது. ஆபீஸுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தேன். முறையாகச் செய்வதென்றால், பெரட்டுச் சத்தத்தை மட்டும் பிரித்து, கீழ் லயத்து மூன்றாம் பெட்டிக்குப் போகும் வழியில் அதைக் குறைக்க வேண்டும். திட்டத்தைத் திரும்ப எழுத முக்கால் மணி நேரம் ஆகும். பதுளை பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. கிளாக்கர் வேறு தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பெட்டியின் கடைசிச் சத்தத்தை அப்படியே கீழே இழுத்துவிட்டேன். பெட்டிக்குள் எது வந்தாலும், பேச்சோ சங்கோ, அந்தக் கடைசி இடத்தைத் தாண்டித்தான் வெளியே போகும். அது எனக்குத் தெரியும். பயிற்சியில் இரண்டு முறை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த முறை வரும்போது ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று மூடிவைத்தேன்.

அடுத்த முறை தீபாவளிக்குப் போனேன். அக்கா வீட்டில் கோழிக் குழம்பு. அத்தை எனக்கென்று முறுக்கு சுட்டு வைத்திருந்தார். “இப்பத்தான் காலைல நிம்மதியா கெடக்கேன், நல்லாயிருப்ப” என்று என் தலையில் கை வைத்தார். மகள் தீபாவளிக்கும் வரவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சாப்பிட்டேன், தூங்கினேன், பஸ் ஏறினேன். ஆபீஸ் பக்கமே போகவில்லை.

பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் பின்னேரம் மேல் மலையில் நிலம் வெடித்திருப்பதைக் கங்காணி பார்த்து ஓடிவந்து சொன்னதும், கிளாக்கர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அந்த மனுஷனை நான் எவ்வளவு திட்டியிருந்தாலும், தன் வேலையை அவர் சரியாகச் செய்தார். மேல் லயமும் நடு லயமும் சங்கு கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன. கீழ் லயத்தில் தகரத்தில் விழுந்த மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. தற்செயலாக அக்கா தண்ணீர் பிடிக்க வெளியே வந்து, மேலே ஆட்கள் மூட்டை முடிச்சோடு ஓடுவதைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டாள். பக்கத்து வீடுகள் எல்லாம் ஓடின. தொங்கல் வீட்டுக் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை. கம்பமே அத்தையின் வாசலில்தான் நிற்கிறது, அவருக்கா கேட்டிருக்காது, முதலில் போயிருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மண் கடைசி இரண்டு காம்பராக்களின் மேல் வந்தது. அத்தைக்குப் பக்கத்து வீடு காலி. அத்தை அடுப்படியில் இருந்தார்.

செய்தி கேட்டு மறுநாள் காலை போய்ச் சேர்ந்தேன். பாதி வழிக்கு மேல் பஸ் போகவில்லை, சேற்றில் நடந்தேன். ஆபீஸில் கிளாக்கர் சவரம் பண்ணாத முகத்தோடு நின்றார். “தம்பி, நான் அமுக்கினேன், சத்தியமா அமுக்கினேன். மெஷின் சரியான்னு ஒருக்கா பாருங்க. விசாரணைக்கு வர்றாங்களாம்” என்றார். மடிக்கணினியைத் திறந்தேன். மூன்றாம் பெட்டி நான் விட்ட இடத்திலேயே கிடந்தது. கம்பம் சாயவில்லை, பேட்டரி சாகவில்லை. அந்தப் பெட்டிமேல் சொல்ல ஒரு குற்றமும் இல்லை. கிளாக்கர் தேநீர் கொண்டுவரச் சொல்ல அந்தப் பக்கம் திரும்பினார். நான் சத்தத்தை மேலே ஏற்றினேன். “எல்லாம் ஒழுங்கா இருக்கு சார்” என்றேன்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதிகாரி ஒருவர் கீழ் லயத்து ஆட்களை ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றேன். சங்கு கேட்டதா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“கேட்டுச்சுங்க.”

“நல்லாக் கேட்டதா?”

“நல்லா கேட்டுச்சுங்க. நாங்கதான் சும்மா ஊதுறாங்கன்னு இருந்துட்டோம்.”

அவளுக்குப் பிறகு வந்த எல்லாரும் அதையே சொன்னார்கள். குறைக்கச் சொன்னவர்கள் அவர்கள்தானே. அந்தக் குற்றம் வெளியே வந்தால், சரிவுக்குப் பிறகு தருவதாகச் சொன்ன வீட்டு இடம் கிடைக்காமல் போகுமோ என்ற பயமும் இருந்தது. அறிக்கையில் எழுதிவிட்டார்கள்: எச்சரிக்கை ஒலித்தது, கீழ் லயத்துக் குடியிருப்பாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. துரை அதை வாசித்துவிட்டு, இந்தச் சனம் எப்போது சொல்லி எதைக் கேட்டிருக்கிறது என்றாராம்.

அது என் காதுக்கு வந்த அன்று மாலை அக்காவிடம், நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லி? ஒன்னைய பிடிச்சு உள்ள போடுவாங்க. அத்த எந்திரிச்சு வருமா? பழி எங்க எல்லார் தலையிலயும் கெடக்கு, ஆளுக்குக் கொஞ்சந்தான். நீ ஒண்டியா சொமக்க மாட்ட” என்றாள்.

அது எனக்கு வசதியாக இருந்தது. அக்கா சொல்லிவிட்டாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கருமாதி பதினாறாம் நாள், அதே பள்ளிக்கூடத்தில். அத்தையின் மகள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து நான் கைகழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, நீங்கதான அந்தப் பெட்டிய கம்பத்துல பூட்டுனது?”

“ஆமா.”

“சத்தம் நல்லா கேட்டுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. கம்பம் எங்கம்மா வாசல்லதான நிக்கிது. அப்புறம் ஏன் வெளிய வரல? தீவாளிக்கும் நான் வரலேன்னு மனசு வெறுத்துப்போயி, போனா போவுதுன்னு உக்காந்துருச்சாண்ணே?”

கையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை.

“இல்லம்மா. அம்மாவுக்கு கொஞ்ச நாளா காது மந்தமாயிருச்சு. மழை வேற. கேட்டிருக்காது” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. “அப்படியாண்ணே. எனக்குத் தெரியாமப் போச்சே” என்று அழுதாள். போகும்போது என்னைக் கும்பிட்டாள்.

இன்றைக்கும் தோட்டத்துப் பக்கம் வரும்போதெல்லாம், கடைசிக் காலத்தில் அம்மாவுக்குக் காது கேட்காமல் போய்விட்டது என்று அவள் எல்லாரிடமும் சொல்கிறாள். அக்கா தலையாட்டுகிறாள். நானும் தலையாட்டுகிறேன். அந்த லயத்திலேயே நல்ல காது அத்தையுடையதுதான். அன்று அவர் வாசலில் சத்தம் வரவில்லை. குறைத்தவன் நான்.